பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம்: சுவரொட்டி ஒட்டியாச்சு, அப்புறம்?

ஒரு வாசகரின் கேள்வி, 11 ஜனவரி 2025

என் மகள் இந்த வருடம் உயர்நிலை 2. போன வருடம் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தில் சேர்ந்தாள். ஒரு வருடத்தில் மூன்று சுவரொட்டி வரைந்தாள், ஒரு தடவை கடற்கரையில் குப்பை பொறுக்கினாள், மன்றத்தின் பெயர் போட்ட டீ-சட்டை ஒன்று வாங்கினாள். சட்டையை ஒரே நாள்தான் போட்டாள். இதனால் அந்தப் பள்ளியில் ஒரு கைப்பிடிக் குப்பையாவது குறைந்ததா? இணைப்பாட நடவடிக்கைப் புள்ளிக்காக நடக்கும் காரியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேறு மன்றத்துக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

11 ஜனவரி, இரவு

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர் நான். ஆறு வருடமாகச் சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பில் இருக்கிறது.

சுவரொட்டியால் எங்கள் பள்ளியில் எதுவும் குறையவில்லை. முதல் இரண்டு வருடம் நாங்களும் அதைத்தான் செய்தோம். விளக்கை அணையுங்கள், தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று எழுதி, சாரல் பட்டு நனையாமலிருக்க லேமினேட் செய்து ஒட்டினோம். லேமினேட் செய்த தாளை மறுசுழற்சிக்குப் போட முடியாது. ஓர் உயர்நிலை 1 மாணவி அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

மகளை மாற்றுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கேண்டீனில் தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடத்தில் அவளை ஒரு வாரம் நிற்கச் சொல்லுங்கள். ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

12 ஜனவரி

மூன்றாவது வருடம் சுவரொட்டியை நிறுத்திவிட்டு மூன்று வாளி வாங்கினோம். சோறு, மீ (நூடுல்ஸ்), ரொட்டிக்கு ஒன்று. காய்கறிக்கு ஒன்று. இறைச்சிக்கும் எலும்புக்கும் ஒன்று. இடைவேளையில் இரண்டு மாணவர்கள் அங்கே நின்று, தட்டில் மிஞ்சியதை அந்தந்த வாளியில் தட்டச் சொல்வார்கள். யாரையும் திட்டக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, பார்த்துக் குறிப்பெடுத்தால் போதும்.

எலும்பு வாளிதான் நிரம்பும் என்று நினைத்திருந்தேன். நிரம்பியது சோற்று வாளி. அடுத்தது காய்கறி. பள்ளிகளில் ஆரோக்கிய உணவுத் திட்டப்படி ஒவ்வொரு சாப்பாட்டுத் தட்டிலும் காய்கறி இருக்க வேண்டும். கடைக்காரர்கள் ஒழுங்காக வைக்கிறார்கள். பிள்ளைகள் வாங்கிய மாதிரியே கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பையன் வந்து சொன்னான்: "சார், கடைசியா வாங்குறவங்கதான் நிறையக் கொட்டுறாங்க."

எனக்குத் தோன்றவே இல்லாத விஷயம் அது. எங்கள் இடைவேளை அரை மணி நேரம். வரிசையில் முன்னால் நிற்பவனுக்கு உட்கார்ந்து சாப்பிட இருபது நிமிடம் கிடைக்கிறது. பின்னால் நிற்பவன் கைக்குத் தட்டு வரும்போது மணி அடிக்க ஏழெட்டு நிமிடம்தான் இருக்கும். கோழித்துண்டை மட்டும் தின்றுவிட்டு, சோற்றைக் கொட்டிவிட்டு வகுப்புக்கு ஓடுகிறான். அவனுக்கு அரிசியின் அருமை தெரியவில்லை என்று நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது தவறு. அவனுக்கு நேரம் இல்லை.

அப்படியானால் யாரிடம் போய்ப் பேசுவது? பிள்ளைகளிடம் இல்லை. கால அட்டவணை போடுபவரிடம். கீழ்நிலை வகுப்புகளுக்கும் மேல்நிலை வகுப்புகளுக்கும் இடைவேளையைப் பிரிக்க ஒன்றரை வருடம் ஆனது. அறிவியல் கூட நேரங்கள் இடித்தன, உடற்பயிற்சிப் பாடம் இடித்தது. மாணவர்கள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு முதல்வரை மூன்று தடவை பார்த்தார்கள். மூன்றாம் தடவை போனவர்கள் முதல் தடவை போனவர்கள் இல்லை. அவர்கள் அதற்குள் தேர்வெழுதிவிட்டுப் பள்ளியை விட்டே போயிருந்தார்கள்.

13 ஜனவரி

நேற்று விட்டுப்போனது. எங்கள் கேண்டீனில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய் அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் எல்லோருக்கும் ஒரே அளவில் சோறு வைப்பார். உயர்நிலை 1இல் இருக்கும் ஒல்லிப் பெண்ணுக்கும் ரக்பி ஆடும் பையனுக்கும் ஒரே கரண்டி. எங்கள் பிள்ளைகள் போய்ச் சோற்றைக் குறைக்க முடியுமா என்று கேட்டபோது முடியாது என்றுவிட்டார். காசு வாங்கிக்கொண்டு சோற்றைக் குறைத்தேன் என்று பெற்றோர் புகார் எழுதினால் தன் கடைக்கு ஆபத்து என்றார். அவர் சொன்னது நியாயம்.

கடைசியில் இப்படி முடிவானது: முதலில் சின்னக் கிண்ணம். போதவில்லை என்றால் வரிசையில் நிற்காமல் வந்து, காசு இல்லாமல் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் மக்சிக் பயந்துகொண்டேதான் இருந்தார். திரும்பி வந்து கேட்டவர்கள் கொஞ்சம் பேர், பெரும்பாலும் அதே ரக்பிப் பையன்கள். அவர் அரிசி ஊற வைக்கும் அளவையே குறைத்துவிட்டார். சோற்று வாளி பாதிக்கு மேல் ஏறாத நாட்கள் வந்தன.

19 ஜனவரி

மிச்ச உணவை உரமாக்கும் இயந்திரம் வைத்தால் என்ன என்று கேட்டிருந்தவருக்கு: எங்களிடம் ஒன்று இருந்தது. எலும்பு போட்டால் நிற்கும், எண்ணெய் அதிகமானால் நாறும், பழுது பார்க்க ஆள் வர வாரங்கள் ஆகும். வந்த உரத்துக்கு எங்கள் தோட்டம் போதவில்லை. வாளியில் விழாத சோறுதான் நல்ல சோறு.

2 பிப்ரவரி

சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு பள்ளி முழுக்க ஆரஞ்சுத் தோல். மன்றப் பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம், நொதித் திரவம் செய்யப் போகிறார்கள். ஒரு பங்கு பழுப்புச் சீனி, மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், போத்தலில் ஊற்றி மூன்று மாதம் வைக்க வேண்டும். தரை துடைக்க உதவுமாம். இருபது போத்தல் தயார். எனக்கும் மகிழ்ச்சிதான். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு இருக்கத்தானே செய்யும்.

24 மார்ச்

ஒரு வார விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. இருபது போத்தலில் நான்கு வெடித்திருந்தன.

தோல் நொதிக்கும்போது வாயு கிளம்பும். தொடக்கத்தில் தினமும் மூடியைத் திறந்து விட வேண்டும். பள்ளி நடந்தவரை பிள்ளைகள் முறை வைத்துத் திறந்தார்கள், அப்புறம் சில நாள் மறந்தார்கள், விடுமுறையில் திறக்க யாருமில்லை. நானும் நினைக்கவில்லை. பொருள் வைக்கும் அறையில் சுவர் வரை தெறித்து, எறும்பு மொய்த்து, நாங்கள் வருவதற்கு முன்னாலேயே துப்புரவு செய்யும் அக்கா தனியாக எல்லாவற்றையும் கழுவியிருக்கிறார். அவர் மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருபவர். விடியற்காலை வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்கு நாங்கள் வைத்த வேலை இது.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போகிற போக்கில் இன்னொன்று சொன்னார்: "அதை விடுங்க சார். வகுப்புல வச்சிருக்கீங்களே நீலத் தொட்டி, அதையும் நான் மத்தக் குப்பையோடதான் கட்டுறேன். தொறந்து பாருங்க, உள்ள மைலோ ஊத்திக் கிடக்கும்."

மறுசுழற்சிக்கு நாங்கள் வைத்த தொட்டி அது. திறந்து பார்த்தோம். அப்படித்தான் இருந்தது.

பிப்ரவரியில் நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். மீதிப் போத்தல்கள் புளித்த திரவமாக வரும், தரை துடைக்கலாம். ஆனால் அதற்காகச் சீனி வாங்கினோம், இடம் அடைத்தோம். இந்தத் திரவம் சாக்கடையையும் ஆற்றையும் சுத்தமாக்கும் என்று சிலர் சொல்வதைப் பிள்ளைகளுக்கு இனி நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். அடுத்த வருடம் கிடையாது.

30 மார்ச்

நீலத் தொட்டி பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும், ஏனென்றால் வீட்டிலும் இதே கதைதான்.

சிங்கப்பூரில் தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாம் ஒரே நீலத் தொட்டியில் போகின்றன. வசதியான முறை. ஆனால் ஒருவர் பாதி குடித்த பானத்தைப் போட்டால் அது கீழே இருக்கும் தாள் முழுவதையும் நனைத்துவிடும். நனைந்த தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நீலத் தொட்டியில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாதது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. வீட்டு மறுசுழற்சி விகிதம் 2018இல் 22 விழுக்காடாக இருந்தது, 2023இல் 12 விழுக்காடு. தொட்டிகளின் எண்ணிக்கை குறைவதால் இப்படி ஆகவில்லை. ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்குக்கும் ஒன்று இருக்கிறது.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒன்று வைத்தது நாங்கள்தான். நான்காம் வருடச் சாதனை என்று ஆண்டறிக்கையில் எழுதினேன். அதைக் கட்டி எடுத்துப்போகிற மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1 ஏப்ரல்

அக்காவையே கூட்டத்துக்கு அழைத்தோம். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவர் சொன்னது இது: வகுப்புத் தொட்டிகளை எடுத்துவிடுங்கள். மாடிக்கு ஒன்று வையுங்கள், தாளுக்கு மட்டும். வாய் அகலமாக இருந்தால் எல்லாவற்றையும் போடுவார்கள், நீளமாக ஒரு வெட்டு மட்டும் விடுங்கள். போத்தலும் டின்னும் கீழே கேண்டீனில் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். அங்கேதான் ஊற்றிக் கொட்ட வசதி.

தொட்டியைக் குறைத்தால் மறுசுழற்சி கூடும் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

6 ஏப்ரல்

ஹரி ராயா (நோன்புப் பெருநாள்) வாரம். மலாய் மாணவர்கள் வீட்டில் பலகாரம் வந்த சிவப்பு மூடிப் பிளாஸ்டிக் டப்பாக்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. சீனப் புத்தாண்டுக்கு அன்னாசிப் பலகாரம் வந்ததும் அதே டப்பா. தீபாவளிக்கு நாம் முறுக்கு அடைத்துக் கொடுப்பதும் அதே டப்பா. மூன்று பண்டிகைக்கும் மூன்று தடவை புதிதாக வாங்குகிறோம்!

உயர்நிலை 3 மாணவி ஒருத்தியின் யோசனை: இப்போதே சேர்த்து, கழுவி, காயவைத்து, அக்டோபர்வரை வைத்திருந்து முறுக்குச் சுடும் வீடுகளுக்குக் கொடுத்தால் என்ன? மூடியில் ரப்பர் வாடை போகுமா என்று முதலில் பார்க்க வேண்டும். நெத்திலி சம்பல் இருந்த டப்பாவைத் தனியே எடுத்து வைத்தாயிற்று.

26 ஏப்ரல்

தமிழ்மொழி விழா மாதம். தமிழ் வகுப்பையும் மன்றத்தையும் இந்த மாதம் சேர்த்துவிட்டேன். வீட்டில் தாத்தா பாட்டியிடம் போய், நீங்கள் சின்ன வயதில் இருந்தபோது கடைச் சாமான் எதில் வந்தது என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். "நீடித்த நிலைத்தன்மை" என்ற சொல்லை ஒருவரும் வீட்டில் பேசுவதில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன்.

கச்சாங் பூத்தேக்காரரைப் பற்றி நான்கு பேர் எழுதி வந்தார்கள். திரையரங்கு வாசலில் நம் ஆட்கள் தலையில் பலகையைச் சுமந்து கடலையும் பட்டாணியும் விற்பார்கள், பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் கொடுப்பார்கள். சிலர் அந்தத் தாளில் இருந்த கணக்குப் பாடத்தைப் படித்துக்கொண்டே தின்றதாகச் சொன்னார்கள். மீந்த சோற்றைச் சீனப் பண்ணைக்காரர் வாளியில் வாங்கிப்போய்ப் பன்றிக்குப் போடுவார் என்று ஒரு பாட்டி சொல்லியிருக்கிறார். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் வெங்காயத்தோடு சாப்பிட்டது ஏறக்குறைய எல்லாத் தாளிலும் இருந்தது. காப்பிக்கடைக்குத் தூக்குச்சட்டி எடுத்துக்கொண்டு போன கதைகளும் இருந்தன.

படிக்கப் படிக்க எனக்குத் தொண்டை அடைத்தது. நாம் புதிதாகக் கண்டுபிடிப்பதாக நினைப்பது எல்லாம் அவர்கள் தினசரி செய்தது.

29 ஏப்ரல்

பெரியவர் ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார், சரியாகத்தான். அந்தக் காலத்தில் பன்றிப் பண்ணைக் கழிவும் அங்காடிக் கழிவும் நேராக ஆற்றில் போயின, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாது என்கிறார். ஆற்றைச் சுத்தம் செய்யும் பணி 1977இல் தொடங்கி 1987வரை பத்து வருடம் நடந்தது. பண்ணைகளை மூடினார்கள், தெருவோர அங்காடிக்காரர்களை உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். நாட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் இயக்கம் அதற்கும் முன்பே, 1968இல்.

அவர்கள் வீணாக்கவில்லை என்பது உண்மை. இல்லாமையால் வீணாக்கவில்லை என்பதும் உண்மை. தண்ணீர் ஊற்றிய சோற்றைச் சாப்பிட்ட அதே பாட்டி, இன்று பேத்தி தட்டில் வேண்டாம் வேண்டாம் என்னும்போதும் இன்னொரு கரண்டி வைக்கிறார். அதைப் பேத்தியே எழுதியிருந்தாள், நான்தான் சென்ற குறிப்பில் விட்டுவிட்டேன்.

15 ஜூன்

விடுமுறையில் பிள்ளைகளைப் புலாவ் செமகாவ் தீவுக்கு அழைத்துப் போனோம். 1999 ஏப்ரலில் திறந்த குப்பை நிரப்பும் தளம். நாட்டில் இப்போது இருப்பது இது ஒன்றுதான். குப்பையை முதலில் துவாசிலும் செனோக்கோவிலும் உள்ள ஆலைகளில் எரிக்கிறார்கள். எரித்தால் அதன் கன அளவு சுமார் 90 விழுக்காடு குறைகிறது, வெப்பத்திலிருந்து மின்சாரமும் கிடைக்கிறது. மிஞ்சும் சாம்பலும் எரிக்க முடியாதவையும் துவாசிலிருந்து பெரிய தோணிகளில் இங்கே வருகின்றன. 2035க்குள் இடம் நிரம்பிவிடும் என்பது கணிப்பு. இன்று உயர்நிலை 1இல் இருப்பவனுக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

நாற்றமே இல்லை. நீலத் தண்ணீர், புல், கொக்கு. கட்டுமானத்தின்போது அழிந்த சதுப்புநிலக் காட்டுக்கு ஈடாக நட்டது அடர்ந்து நிற்கிறது. பிள்ளைகள் நிறையப் படம் எடுத்தார்கள்.

திரும்பும் படகில் ஒரு பையன் சொன்னான்: "சார், இவ்ளோ அழகா இருக்கே, அப்புறம் என்ன பிரச்சினை?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நன்றாகப் பராமரிப்பது நல்லதுதான், ஆனால் குப்பை எங்கே போகிறது என்று காட்டக் கூட்டிப்போன எனக்கு, குப்பை காணாமல் போவதைத்தான் காட்டினேனோ என்று தோன்றியது. கேண்டீன் வாளியில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை. அடுத்த தடவை வாளிக்கு அப்புறம்தான் தீவு.

10 ஆகஸ்ட்

மார்ச்சில் எழுதிய எண்ணைத் திருத்த வேண்டும். வீட்டு மறுசுழற்சி விகிதம் 2024இல் 11 விழுக்காடு. இன்னும் இறங்கியிருக்கிறது.

எங்கள் மாடித் தொட்டிகள் பற்றிக் கேட்டவர்களுக்கு: தாள் தொட்டி சுத்தமாக இருக்கிறது. அக்கா அதைத் தனியாகக் கட்டுகிறார். போத்தல் தொட்டி இன்னும் சரியில்லை, பபிள் டீக் கோப்பை அடியில் உருண்டை ஒட்டிக்கொண்டே வந்து விழுகிறது.

காலிப் போத்தலைத் திருப்பித் தந்தால் 10 காசு கொடுக்கும் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கும் என்றார்கள், பிறகு 2026 ஏப்ரல் 1க்குத் தள்ளிவைத்தார்கள். பிளாஸ்டிக் போத்தலுக்கும் உலோக டின்னுக்கும் மட்டும். பபிள் டீக் கோப்பை அதில் வராது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. 2023 ஜூலை 3இல் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்கத் தொடங்கின. என் மாமியார் உட்பட எங்கள் புளோக்கில் பாதிப் பேர் அந்த வாரமே துணிப்பை தூக்கினார்கள். ஐந்து காசு பெரிய தொகை இல்லை, ஆனால் காசாளர் "பை வேணுமா?" என்று கேட்கும்போது ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. கேண்டீனில் எங்கள் பிள்ளைகளை அந்தக் காசாளர் மாதிரிதான் நிற்கச் சொல்கிறேன்.

30 ஆகஸ்ட்

ஆசிரியர் அறைக் குளிர்சாதனத்தை 25 பாகைக்கு மாற்றச் சொல்லி மன்றத்திலிருந்து கடிதம். அனுப்பியவர்கள் என் மாணவர்கள், வாங்கிக்கொண்டவர்கள் என் சகாக்கள். 2030க்குள் குறைந்தது 20 விழுக்காட்டுப் பள்ளிகளாவது கரிமச் சமநிலை (நிகரக் கரிம வெளியீடு பூஜ்ஜியம்) அடைய வேண்டும் என்று கல்வி அமைச்சு 2021இல் இலக்கு வைத்திருக்கிறது. கூரையில் சூரியத் தகடு வைப்பது மட்டும் போதாது. குளிர்சாதனம் இப்போது 24இல் நிற்கிறது. பேச்சு நடக்கிறது.

7 செப்டம்பர்

ஜனவரியில் கேள்வி கேட்ட அம்மா திரும்ப எழுதியிருக்கிறார். மகள் மன்றத்தை மாற்றவில்லை. வாளி பற்றிச் சொன்னாளாம், பொறுப்பாசிரியர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாராம். கடற்கரைக்குத்தான் மறுபடி கூட்டிப்போனார்களாம். இதுவும் வீண்தானா என்று கேட்கிறார்.

இல்லை. ஜனவரியில் கடற்கரைத் துப்புரவைச் சுவரொட்டியோடு சேர்த்து நானும் மனதுக்குள் தள்ளிவைத்தேன், அது சரியில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் கடல் நிறையக் குப்பையைக் கொண்டுவந்து தள்ளும். காலையில் பொறுக்கிய இடத்தில் மாலையில் மறுபடி கிடக்கும், உண்மைதான். ஆனால் நுரைப்பெட்டித் துணுக்கை மணலிலிருந்து விரலால் பொறுக்க முயன்ற பிள்ளைக்கு ஒன்று புரிந்துவிடுகிறது: உடைந்த பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது. எங்கள் மாணவன் ஒருவன் ஒரு சதுர அடி மணலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் அவன்தான் விளையாட்டு விழாவுக்கு நுரைப்பெட்டியில் சாப்பாடு வாங்க வேண்டாம் என்று ஏற்பாட்டுக் குழுவிடம் போய் நின்றான். அதில் அவன் ஜெயித்தான்.

மகளிடம் சொல்லுங்கள்: அடுத்த வருடம் என்று சொன்ன ஆசிரியரிடம் ஜனவரி முதல் வாரமே போய் நிற்கட்டும். வாளியை அவளே எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பொறுப்பாசிரியர்களுக்கு வேலை அதிகம், மறந்துபோகும். நானும் மறந்திருக்கிறேன்.

22 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. டப்பாக் கணக்கு.

ஏழு மாதம் அட்டைப்பெட்டிகளில் வைத்திருந்ததில் சிலவற்றின் மூடி விரிந்துவிட்டது, சிலவற்றில் வாடை போகவே இல்லை. வெந்நீரும் எலுமிச்சைத் தோலும் போட்டு ஊறவைத்து ஒரு சுற்று, வெயிலில் கவிழ்த்து ஒரு சுற்று. தேறியவற்றைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். முதலில் சில அம்மாமார்கள் தயங்கினார்கள், பண்டிகைக்குப் பழைய டப்பாவிலா கொடுப்பது என்று. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. பலகாரம் கொடுப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

வழி கண்டது பிள்ளைகள்தான். மூடியில் ஒட்ட ஒரு வட்டத் தாள் வெட்டி, கோலம் போட்டு, நடுவில் "சீனப் புத்தாண்டு, ஹரி ராயா, தீபாவளி" என்று மூன்றையும் எழுதினார்கள். டப்பா யார் யார் வீட்டைத் தாண்டி வந்தது என்று சொல்கிற மாதிரி. அதற்கப்புறம் கேட்டு வாங்கிப்போனார்கள். மக்சிக்குக்கும் ஒரு டப்பா முறுக்கு போனது. நேற்று அவர் காலி டப்பாவைக் கழுவித் துடைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார், "அடுத்த வருஷத்துக்கு" என்று.

ஆறு வருடத்தில் நாங்கள் செய்ததிலேயே சின்ன வேலை இதுதான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை, யாருக்கும் கூடுதல் வேலை வைக்கவில்லை. முடிவெடுக்கிற ஆளிடம் போய்ப் பேச வேண்டும் என்று ஜனவரியில் எழுதியிருந்தேன். இதில் முடிவெடுக்கிற ஆள் அவரவர் வீட்டு அம்மாவும் பாட்டியும்.

21 நவம்பர்

இன்று வருடத்தின் கடைசிப் பள்ளி நாள். நல்ல செய்தி இல்லை. மக்சிக் கடையை விடுகிறார். முட்டி வலி, நிற்க முடியவில்லை என்கிறார். ஜனவரியில் அந்தக் கடைக்கு வேறு ஒருவர் வருகிறார். சின்னக் கிண்ணம் மக்சிக் சொந்தக் காசில் வாங்கியது. நாற்பது கிண்ணத்தையும் மன்றத்துக்கே கொடுத்துவிட்டார்.

புதியவரும் முதலில் முடியாது என்றுதான் சொல்வார். மக்சிக்குக்கு இருந்த அதே பயம் அவருக்கும் இருக்கும். சோறு குறைத்ததால் ஒரு புகாரும் வரவில்லை என்று மக்சிக்கே ஒரு தாளில் மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், புதியவரிடம் காட்டச் சொல்லி. உயர்நிலை 2 பிள்ளைகள் இரண்டு பேர் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் வைக்கலாமா என்று கேட்டார்கள், பிறகு அவர்களே வேண்டாம் என்று குறிப்பேட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்கள்.

கிண்ணங்கள் என் மேசைக்கு அடியில் இருக்கின்றன. ஜனவரி 2 பள்ளி திறப்பு. முதல் இடைவேளைக்கு முன்னாலேயே போய்ப் பேச வேண்டும். புதியவர் என்ன விற்கப் போகிறார் என்றுகூட இன்னும் தெரியவில்லை.